வட்டு சொல்லும் மரணச் செய்தி

பொய்யான எச்சரிக்கை ஒருவனைத் தேவையின்றி அலைக்கழிக்கும். மெய்யான எச்சரிக்கையைப் பொய்யென்று கருதியவனுக்கோ அலைவதற்கு எதுவும் மிச்சமிராது. கணினியின் வன்தட்டு தன் முடிவை முன்னறிவிக்கும்போது நாம் நிற்க நேரும் இடம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். பழைய இதழ்களைத் தேடி, வருடி, சேமித்து வைக்கும் சிறு கூட்டம் நாங்கள். பொறியாளர் என்று எங்களில் எவருமில்லை. ஆயினும் இந்தச் செய்திகளைப் படித்துப் பொருள்கொள்ள நாங்களே கற்றுக்கொள்ளும்படி ஆயிற்று. அப்படிக் கற்றதைப் பகிர்வதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் திருடர்களை அப்புறப்படுத்திவிடலாம். எங்களுக்கு இதழ்கள் தந்து உதவிய ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறார். 2022-இல் ஒரு மாலை அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "தம்பி, கம்ப்யூட்டரு செத்துரும்ங்குது. ஒரு நம்பரும் குடுத்திருக்கு. பேசட்டுமா?" திரை முழுதும் சிவப்பு, ஓயாத ஒலி, நடுவே ஓர் எண். "பேசிராதீங்கய்யா, பொத்தானை அமுக்கி மொத்தமா அணைச்சிருங்க" என்றோம். அணைத்து மீண்டும் திறந்தபோது எச்சரிக்கையைக் காணவில்லை. வட்டு இன்னும் ஓராண்டுக்கு மேல் பழுதின்றி ஓடியது. அது நின்றது வேறொரு காரணத்தால். அதைப் பிறகு சொல்கிறோம்.

இவ்வகை மோசடியை எளிதில் கண்டுகொள்ளலாம். இணைய உலாவியில் திறக்கும் ஒரு பக்கத்துக்கு, அதைப் பார்க்கிற கணினியின் வன்தட்டு நலத்தைப் படித்தறிய வழியே கிடையாது. ஆகவே உலாவிக்குள் தோன்றுகிற "உங்கள் வட்டு பழுது" என்னும் செய்தி ஆராய்ச்சியின்றியே பொய். மெய்யான எச்சரிக்கை எதுவும் தொலைபேசி எண்ணையும் கொடுப்பதில்லை. 2012 அக்டோபரில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இத்தகைய தொலைபேசி மோசடிகள்மீது ஆறு வழக்குகளைத் தொடுத்தது. அவற்றில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து இயங்கியவை என்பதை நாம் சற்றுத் தலைகுனிந்தே படிக்க வேண்டியிருக்கிறது.

இதைவிட நுட்பமான வகையும் ஒன்று உண்டு. 2010-இன் பிற்பகுதியிலும் 2011-இலும் பரவிய ஒரு தீநிரல் குடும்பத்துக்கு மைக்ரோசாஃப்ட் 'ஃபேக்சிஸ்டெஃப்' என்று பெயரிட்டிருந்தது. வட்டுப் பராமரிப்பு மென்பொருள் போல வேடமிட்டு உள்ளே நுழைந்து, வட்டு அழிகிறது என்று அலறும். அலறுவதோடு நின்றிருந்தால் பலர் நம்பியிருக்க மாட்டார்கள். கோப்புகளுக்கெல்லாம் 'மறைந்தவை' என்ற குறியை இட்டுவிடும், மேசைத்திரை வெறிச்சோடிவிடும். கண்ணால் கண்டபின் யார் நம்பாமலிருப்பார்கள்? பணம் கட்டியவர்கள் ஏராளம். கோப்புகளோ இருந்த இடத்திலேயே இருந்தன. பொய்க்குச் சாட்சியத்தையும் சேர்த்துத் தயாரித்த அந்தச் சாமர்த்தியத்தை எண்ணி இன்றும் வியக்கிறோம். நல்ல துப்பறியும் கதை எழுதியிருக்க வேண்டிய மூளை.

நிற்க. இனி வட்டே சொல்லும் செய்திக்கு வருவோம்.

வன்தட்டு என்பது கணினியில் எஞ்சியிருக்கும் இயந்திரம். மற்றவையெல்லாம் மின்சாரம், இது மட்டும் சுழல்கிறது. கைக்கு அடக்கமான இரண்டரை அங்குல வட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5400 முறை சுழலும். அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 66 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது, புறவழிச்சாலையில் போகும் பேருந்தைப் போல. அதன்மேல் படிப்புமுனை மிதக்கும் உயரமோ சில நானோமீட்டர்கள்தாம். தலைமயிர் ஒன்றின் பருமன் எழுபது, எண்பதாயிரம் நானோமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால், இந்தப் பொருள் பழுதாவது வியப்பல்ல, பழுதாகாமல் ஆண்டுக்கணக்கில் ஓடுவதே வியப்பு என்று தோன்றும்.

இயந்திரத் தேய்மானம் திடீரென்று வருவதில்லை, படிப்படியாக வருவது, ஆகவே அதை முன்கூட்டியே அறியலாம் என்ற எண்ணத்தில் 1992-இல் ஐபிஎம் தன் ஏஎஸ்/400 கணினிகளின் வட்டுகளில் ஒரு கண்காணிப்பு முறையைப் புகுத்தியது. பின்னர் காம்பாக் நிறுவனம் வட்டு தயாரிப்பாளர்களோடு சேர்ந்து மற்றொரு முறையை உருவாக்கி, 1995-இல் பொதுத்தரமாக்க முன்வைத்தது. இவற்றின் வழியாக வந்ததுதான் இன்று 'ஸ்மார்ட்' எனப்படும் முறை. வட்டு தன்னைத்தானே கவனித்துக் குறிப்பேடு எழுதுகிறது: எத்தனை மணி நேரம் ஓடினேன், எத்தனை முறை விழித்தேன், எத்தனை இடங்களைப் படிக்க முடியாமல் தவித்தேன். நாட்குறிப்பு எழுதுகிற பழக்கமுள்ள ஒரே உதிரிப்பாகம் இதுதான் என்று எங்களில் ஒருவர் சொல்வார்.

நாட்குறிப்புகளுக்குரிய எல்லாக் குறைகளும் இதற்கும் உண்டு. ஒவ்வோர் அளவைக்கும் ஒரு மூல எண்ணும் அதிலிருந்து வட்டு தானே கணித்துக்கொள்ளும் ஒரு மதிப்பெண்ணும் இருக்கும். நூறிலோ இருநூறிலோ தொடங்கிக் கீழிறங்கும் அந்த மதிப்பெண், தயாரிப்பாளர் குறித்த எல்லையைத் தொட்டால்தான் வட்டு 'தோல்வி' என்று ஒப்புக்கொள்ளும். அந்த எல்லை பெரும்பாலும் மிகவும் தாழ்வாக வைக்கப்பட்டிருக்கிறது. உத்தரவாதக் காலத்தில் திருப்பிக் கொடுக்க வருவோரின் எண்ணிக்கை குறைய வேண்டும் என்ற கணக்கும் அதில் கலந்திருக்கும் என்பது எங்கள் ஐயம். ஆகவே 'தேர்ச்சி' என்று ஒற்றைச் சொல்லில் வட்டு சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளலாகாது. தேர்ச்சி பெற்றபடியே செத்துப்போகும் வட்டுகள் பல. மாறாக, அது 'தோல்வி' என்று சொல்லிவிட்டால் வாதாடாமல் நம்பிவிட வேண்டும்.

இதில் ஊகத்துக்கு இடமில்லாதபடி எண்கள் கிடைத்தது 2007-இல். கூகுளின் ஆய்வாளர்கள் தம்மிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளின் குறிப்புகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். மேற்பரப்பை வருடும்போது ஒரு பிழை தென்பட்ட வட்டு, பிழையே இல்லாத வட்டைவிட அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு. சேதமான ஓர் இடத்தை மாற்றிடத்துக்கு நகர்த்தியிருந்தால் 14 மடங்கு. ஆனால் அதே கட்டுரையின் மறுபக்கம் இது: செத்துப்போன வட்டுகளில் 36 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, வெப்பநிலையை விட்டுவிட்டுப் பார்த்தால், எந்த அறிகுறியையும் காட்டவில்லை. எச்சரிக்கை வந்தால் பொருட்படுத்த வேண்டும். வராததால் நிம்மதியடையக் கூடாது என்ற இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

அமெரிக்காவின் பேக்பிளேஸ் என்னும் சேமிப்பு நிறுவனமும் தன் அனுபவத்தை 2016-இல் எழுதியது. பத்துக்கணக்கான அளவைகளில் ஐந்தை மட்டுமே அது பொருட்படுத்துகிறது. 5, 187, 188, 197, 198 என்பவை அவற்றின் வரிசை எண்கள். பழுதான வட்டுகளில் 76.7 விழுக்காட்டில் இவற்றுள் ஏதேனும் ஒன்று சுழியைத் தாண்டியிருந்தது; ஓடிக்கொண்டிருந்தவற்றில் அப்படி இருந்தவை 4.2 விழுக்காடு. எங்களுக்கு மிகவும் பயன்பட்ட எண் இந்த 4.2-தான். எண் ஏறியிருந்தும் நலமாக இயங்கும் வட்டுகளும் இருக்கின்றன என்பதை அது ஒளிக்காமல் சொல்கிறது.

வயதை நோயென்று சொல்லும் எச்சரிக்கைகளும் உண்டு. 2023-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வட்டுகள் சில, பிணையச் சேமிப்புப் பெட்டிகளில் மூன்றாண்டு ஓட்டத்தைக் கடந்தவுடனேயே எச்சரிக்கைக் குறி காட்டத் தொடங்கின. ஒரு பிழையும் இல்லை. 26,280 மணி நேரம் ஆகிவிட்டது, அவ்வளவே. பயனர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. முப்பதாண்டுப் பணி முடித்தவரைப் பார்த்து மருத்துவர் காரணமின்றி உதட்டைப் பிதுக்கினால் எப்படியிருக்கும்! (திண்மநிலை வட்டுகளின் கதை வேறு. எச்பி எண்டர்பிரைசின் சில வட்டுகள் நிரல் கோளாறால் சரியாக 32,768-ஆம் மணியில் மாண்டுவிடும் என்று 2019 நவம்பரில் அந்நிறுவனமே அறிவித்தது. தேய்மானமும் இல்லை, முன்னறிகுறியும் இல்லை. சோதிடத்தில் மட்டுமே இத்தகைய துல்லியத்தைப் படித்திருக்கிறோம்.)

எங்கள் வழக்கு 2023 டிசம்பரில் வந்தது.

ஸ்ரீவைகுண்டத்து ஐயாவிடம் இருந்தவற்றுள் எங்களுக்கு அரியதாகப்பட்டவை அச்சிதழ்களல்ல, கையெழுத்து இதழ்கள். ஐம்பது, அறுபதுகளில் சுற்றுவட்டாரத்து இளைஞர் மன்றங்கள் மாதம் ஒரு பிரதி எழுதி, தைத்து, வீடுவீடாகச் சுற்றுக்கு விட்டவை. ஒரே பிரதி, அதற்கு மறுபிரதி எங்கும் இருக்க வாய்ப்பில்லை. அவற்றைப் பகுதி பகுதியாக மதுரைக்குக் கொண்டுவந்து, வருடி, திருப்பிக் கொடுத்துவந்தோம். மதுரை நண்பரின் கைவட்டு ஒன்றில் எல்லாம் சேரும். பொங்கலுக்கும் ஆடிக்குமாக ஆண்டுக்கு இருமுறை அது பேருந்தேறிக் கோவை போய், அங்குள்ள நண்பரின் மேசைக்கணினியில் ஒரு நகல் எடுக்கப்பட்டுத் திரும்பும். டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை மீறியது. ஐயாவின் வீட்டில் இடுப்பளவு நீர். கணினி போயிற்று. பீரோவின் கீழ்த்தட்டுகளில் இருந்த கையெழுத்து இதழ்கள் மையும் தாளுமாகக் கரைந்து கூழாயின. ஆடிக்குப் பிறகு நாங்கள் வருடியிருந்த ஏறத்தாழ 1,400 பக்கங்களுக்கு மூலம் இனி இல்லை. கோவையிலும் அவை இல்லை. மதுரை வட்டில் மட்டும்தான்.

செய்தி கேட்ட மூன்றாம் நாள், கோவைக்கு அனுப்புவதற்கு முன் சரிபார்த்துக்கொள்ள, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் நிரலால் மதுரை நண்பர் வட்டைப் பார்த்தார். மஞ்சள் நிறம். 197-ஆம் அளவையில் 8. அதே வாரம் கோவைக் கணினியின் விண்டோஸ் பதிவேட்டிலும் வட்டுப் பிழைகள் வரிசையாகப் பதியத் தொடங்கின. கோப்பைத் திறந்தால் அரை நிமிடம் உறைந்து நிற்கும். மூலம் நீரில், இரு நகல்களும் நோய்ப்படுக்கையில். அன்று எங்கள் குழுவில் யாரும் சரியாக உறங்கவில்லை.

மதுரையில் இரண்டு கடைகளில் காட்டினோம். முதற்கடைக்காரர் கேபிளைச் செருகி, நிறத்தைப் பார்த்து, "இது போச்சு சார், புதுசு ஒண்ணு போட்ருங்க" என்று இரண்டே நிமிடத்தில் தீர்ப்பளித்தார். இரண்டாமவர் வேறொரு நிரலில் 'தேர்ச்சி' என்று பச்சையாகக் காட்டி, "ஒண்ணுமில்லண்ணே, ஃபார்மேட் பண்ணா மஞ்சள் போயிரும்" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல, அதுதான் அச்சமூட்டியது. 197 என்பது, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் இடங்களின் எண்ணிக்கை. அந்த இடத்தில் புதிதாக எழுதும்போதுதான் வட்டு முடிவெடுக்கும். எழுத முடிந்தால் மன்னித்துவிடும்; முடியாவிட்டால் மாற்றிடத்துக்கு நகர்த்தி 5-ஆம் அளவையில் ஒன்றைக் கூட்டும். வட்டு முழுவதையும் மேலெழுதினால் மஞ்சள் போகும். 1,400 பக்கங்களும் உடன் போகும்.

அந்த 8-ஐ எப்படிப் படிப்பது? இன்றைய வட்டுகள் 4096 பைட்டுகளை ஒரே துண்டாக வைத்துக்கொண்டு, பழைய வழக்கத்தை முன்னிட்டு வெளியுலகுக்கு 512 பைட்டுத் துண்டுகள் எட்டாகக் காட்டுகின்றன. எனவே எட்டு என்பது உண்மையில் ஒன்று. ஓர் இடம் மட்டும் படிக்க முடியாமற்போவதற்குச் சாவு காரணமாக இருக்க வேண்டியதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றாலும் அப்படி ஆகலாம். மின்தடைக்குப் பஞ்சமில்லாத ஊரில் வாழ்கிற நமக்கு இது ஆறுதலான விளக்கம். ஆறுதலானது என்பதாலேயே அதை நம்பத் தயங்கினோம். தீர்மானிக்க ஒரே வழி, எண் நிற்கிறதா ஏறுகிறதா என்று பார்ப்பது. நின்றால் பழைய தழும்பு. ஏறினால் புண் புரையோடுகிறது. ஆனால் ஏறுகிறதா என்று அறிய வட்டை ஓட்ட வேண்டும். ஓட்டுகிற ஒவ்வொரு மணியும் அதன் ஆயுளிலிருந்து கழியலாம். ஆகவே சோதனைக்கென்று தனியாக ஓட்டாமல், நகலெடுப்பதையே சோதனையாக்கிக்கொள்வது என்று முடிவாயிற்று.

ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற கட்டற்ற மென்பொருள் இதற்கென்றே அமைந்தது. சாதாரண நகலெடுப்பு முதல் தடங்கலிலேயே முட்டி மோதிக்கொண்டு நிற்கும். இது அப்படியன்று. படிக்க முடிகிறதை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடத்தைக் குறித்துவைத்துவிட்டுத் தாண்டிச் செல்லும். எல்லாம் முடிந்தபின் திரும்பிவந்து, விட்ட இடங்களோடு பொறுமையாக மல்லுக்கட்டும். செல்லரித்த ஏட்டைப் பெயர்த்தெழுதியவர்கள் சிதைந்த எழுத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு மேலே போன முறையும் ஏறத்தாழ இதுதான். புதிய வட்டொன்றை வாங்கி வந்து, இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். மின்விசிறியை வட்டின் பக்கம் திருப்பி வைத்தோம். அதனால் பயன் இருந்ததா என்று தெரியாது, எங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

முதற்சுற்று நான்கு மணி நேரத்தில் முடிந்தது. முடிந்ததும் நிரலைத் திறந்து பார்த்தால் 197-இல் 18. விடியலில் இரண்டாம் சுற்று முடிந்தபோது 28. இங்கே ஒரு சிறு பொறி உண்டு. அந்த நிரல் மூல எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும். 18 என்பது இருபத்துநான்கு, 28 என்பது நாற்பது. எட்டு, இருபத்துநான்கு, நாற்பது. அதாவது ஓரிடம், மூன்றிடம், ஐந்திடம். ஒரே இரவில். இனி ஐயமில்லை, வட்டு மெய்யாகத்தான் சொல்லியிருக்கிறது.

கோவைக் கணினியின் நோய் வேறு. அங்கே 5, 197, 198 மூன்றும் சுழி. 199-இல் மட்டும் 520, அதாவது 1,312. அந்த அளவை வட்டின் பரப்பைப் பற்றியதே அல்ல. வட்டிலிருந்து தாய்ப்பலகைக்குச் செல்லும் வழியில் சிதைந்த செய்திகளின் எண்ணிக்கை அது. தபால்காரர் குடித்திருக்கிறார் என்பதற்காக எழுதியவரைச் சந்தேகிக்கக் கூடாதல்லவா. நூற்றைம்பது ரூபாய்க்குள் ஒரு சாட்டா கேபிள் மாற்றியதும் உறைதல் நின்றது. அந்த எண் ஒருபோதும் இறங்காது. இறங்கவில்லையே என்று பதற வேண்டியதில்லை, ஏறாமலிருந்தால் போதும். இன்றுவரை அது 1,312-இலேயே நிற்கிறது. மதுரையின் புதிய வட்டிலிருந்து அங்கே ஒரு நகலும், வேறோர் ஊரில் மூன்றாவது நகலும் அந்தப் பொங்கலுக்குள் போய்ச் சேர்ந்தன.

கடைசிவரை படிக்க முடியாமற்போன இடங்கள் ஐந்து. மூன்று, எதுவும் எழுதப்படாத வெற்றுப் பகுதியில் அமைந்திருந்தன. மற்ற இரண்டும் கையெழுத்து இதழின் இரு பக்கங்களில் விழுந்தன. பக்கங்களைச் சுருக்காத டிஃப் கோப்புகளாக வைத்திருந்தது இங்கே கைகொடுத்தது. சுருக்கிய ஜேபெக்காக இருந்திருந்தால் சேதத்துக்குக் கீழே உள்ள பகுதி முழுதும் சிதைந்திருக்கக்கூடும். சாம்பல்நிறப் படத்தில் ஒரு கிடைவரிசைக்கு ஏறத்தாழ 2500 பைட்டுகள். 4096 பைட்டு போனால் இரண்டு வரிசைகூட நிறைவதில்லை. பக்கத்தின் குறுக்கே மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவே.

இரு பக்கங்களையும் அச்செடுத்து ஐயாவுக்கு அனுப்பினோம். ஒரு பக்கத்தில் கோடு வரிகளுக்கிடையே போய்விட்டது. மற்றதில், மன்றத்துக் கணக்கில் ஒருவர் பெயரையும் அவர் செலுத்தாத நான்கணாச் சந்தாவையும் வெட்டிக்கொண்டு போகிறது. "அவன் பொறவும் கட்டல தம்பி" என்று தொலைபேசியில் சொன்னார்.